காலர் மட்டும் தெளிவாக விழுந்த படம்

உன் கேமராவை அரிசிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி இந்த வீட்டில் அது ஒன்றுதான். அரிசியைத் தகர டின்னுக்குக் குடிபெயர்த்துவிட்டு, ஏற்றுமதி அட்டைப்பெட்டிகளில் போடுகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைக் கம்பெனியிலிருந்து ஒரு கை அள்ளிவந்து அடியில் பரப்பி, அதன்மேல் அதைப் படுக்கவைத்தேன். லென்சில் பூஞ்சை பிடிக்கவிட்டவர்களை நீ மன்னித்ததே இல்லை. அந்தப் பயம் நீ போன பிறகும் எனக்குப் போகவில்லை.

மாதம் ஒருமுறை வெளியே எடுத்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிறேன். இன்று காலை பெட்டியைத் திறந்தபோது பிடியின் ரப்பரிலிருந்து தலைவலித் தைலத்தின் வாசனை வந்தது. ஸ்டுடியோ விளக்குகளின் வெக்கையில் நாள் முழுக்க நின்று, நெற்றிப்பொட்டில் தைலத்தைத் தேய்த்து, அதே விரல்களால் கேமராவைத் தூக்குகிறவள் நீ. ஓராண்டு கடந்தும் அந்த வாசனை ரப்பரை விடவில்லை. பீரோக் கண்ணாடிக்கு எதிரே நின்று, கேமராவை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி அதன் திரையைப் பார்த்தேன். பின்பக்கத்தில் எழுத்துத் தேய்ந்து வழவழத்துப்போன பட்டனை என் கட்டைவிரல் தேடிக் கண்டுபிடித்தது. அமுக்கினேன். ஒரு சின்ன வெள்ளைச் சதுரம் துள்ளி வந்து, கண்ணாடிக்குள் நின்ற கிழவியின் வலது கண்ணில் அமர்ந்தது. நீ சொல்லிவைத்த வேலையை அது இன்னும் பிழையின்றிச் செய்கிறது. பிழை செய்தவள் நான். அதுவும் எட்டடி உயரத்தில், ஊரே பார்க்க.

இறந்தவர்களுக்கு மடல் எழுதுகிறவர்களை நான் கேலி செய்திருக்கிறேன். பதில் வராது என்ற தைரியத்தில் எழுதப்படுவது என்று உன்னிடமே சொல்லியிருக்கிறேன். இப்போது நானும் அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். நீ வானத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதாக நான் நம்பவில்லை. பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கும்.

நாம் இருவரும் செய்தது தலையில்லாத மனிதர்களைத் தயாரிக்கும் தொழில். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் உள்ள எங்கள் குடும்பத்துப் பனியன் கம்பெனியிடம் வெளிநாட்டு வியாபாரிகள் கேட்கும் சாம்பிள் படங்களை நீ எடுப்பாய். ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்துவிட்டு வேறெதற்கும் பயன்படாமல் போன நான், படத்துக்குக் கீழே துணியின் வர்ணனையை எழுதுவேன். என்ன பின்னல், என்ன காலர், தையல் எப்படி, பட்டன் எங்கே. ஆடையைப் போட்டுக்கொண்டு நிற்கிறவளின் முகம் யாருக்கும் தேவையில்லை. முகம் இருந்தால் பார்க்கிறவனின் கவனம் முகத்துக்குப் போய்விடும், துணிக்கு வராது என்பது தொழிலின் நியாயம். ஆகவே நீ அனுப்பிய படங்களை எல்லாம் நான் கழுத்தோடு வெட்டினேன். பல ஆண்டுகள், அவரைக்காயின் காம்பைக் கிள்ளுவதுபோல, யோசனையே இல்லாமல்.

"இந்தத் தலையெல்லாம் எங்கீங்க்கா வெச்சிருக்கறீங்க?" என்று ஒருநாள் கேட்டாய்.

"குப்பையில."

"பாவமுங்க. ஒரு நாளைக்கு எந்திரிச்சு வந்து உங்களக் கேக்கப் போகுதுங்க."

"வந்தா கழுத்துச் சுற்றளவு கேட்டு எழுதிக்கறேன், போ."

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். என் கடுகடுப்பைப் பார்த்து ஊரில் பாதிப்பேர் ஒதுங்கினார்கள். நீ ஒருத்திதான் அதைத் தமாஷ் என்று எடுத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாய்.

புதுக் கேமரா வந்த வாரம் நினைவிருக்கிறது. எந்தப் படத்தில் மனிதர் இருந்தாலும் கண்ணைத் தேடிப் பிடித்து, அங்கேயே ஃபோகஸை நிறுத்துகிற கேமரா. கல்யாணம் எடுக்கிறவர்களுக்கு அது வரம், நமக்குத் தொல்லை. முதல் நாள் நீ கொண்டுவந்த படங்களில் அந்தப் பெண்ணின் இமை மயிரை எண்ணலாம் போலிருந்தது. கழுத்துப் பட்டியின் தையலோ மசமசவென்று கிடந்தது. அத்தனையையும் திருப்பித் தள்ளினேன்.

"நாம என்ன, இவ கண்ணையா விக்கறோம்?" என்றேன்.

நீ கோபித்துக்கொள்ளவில்லை. என் மேசையிலேயே கேமராவை வைத்து, மெனுவைத் திறந்து, ஒரு பிற்பகல் முழுக்க அதோடு மல்லுக்கட்டினாய். எந்தப் பட்டனை அமுக்கினால் எது நடக்க வேண்டும் என்பதை நாமே மாற்றி வைக்கலாம் என்பதை அன்றுதான் நானும் அறிந்தேன்.

"ஏனுங்க்கா, இது மொறை தெரியாத கேமராங்க. ஆரும் சொல்லாமயே ஓடிப்போயிக் கண்ணப் புடிக்குது."

"அப்ப நீ மொறையக் கத்துக்குடு."

கத்துக்கொடுத்தாய். படமெடுக்கிற பட்டனைப் பாதி அமுக்கினால் நடுவிலிருக்கும் சின்னப் புள்ளியில் மட்டும் ஃபோகஸ்; அது துணிக்கு. பின்பக்கம் கட்டைவிரல் படுகிற பட்டனை அமுக்கினால் மட்டுமே கண்ணைத் தேட வேண்டும், அது முகத்துக்கு. "இனிமே நாங் கேட்டாத்தேன் அது கண்ணத் தேடோணும்" என்று கேமராவின் தலையில் செல்லமாகத் தட்டினாய். சோதித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. எதிரே நான்தான் இருந்தேன்.

"ஆடாம ஒக்காருங்க்கா. அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் கழட்டுங்க. அட, மொறைக்காதீங்க, கேமரா பயப்படுது."

அதன் பிறகு உனக்கொரு வழக்கம் வந்தது. துணிக்கான படங்கள் முடிந்ததும், நின்றிருக்கும் பெண்ணை அப்படியே நிற்கச் சொல்லி, கட்டைவிரலை மாற்றி இன்னொரு படம் எடுப்பாய். "அது கம்பெனிக்கு, இது உனக்கு" என்று அவளிடம் சொல்வாய். மாடல் கிடைக்காத நாட்களில் நம் பேக்கிங் பிரிவிலிருந்து யாரையாவது நிறுத்துவோம். ஒடிசாவிலிருந்து வந்திருந்த ஒருத்தி தன் படத்தைக் கைபேசியில் வாங்கிக்கொண்டு, ஊருக்கு அனுப்புவதற்காக அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். வேலை கெடுகிறது என்று நான் முணுமுணுத்தேன். "ரெண்டு நிமிசந்தானுங்க" என்றாய். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இப்போது எழுதும்போதுகூட, அந்தப் பெண்ணின் முகம் எனக்கு நினைவு வரவில்லை. அவள் போட்டிருந்த ஆடையின் தோள் தையல் கோணலாக இருந்தது நினைவிருக்கிறது. நான் எப்படிப்பட்டவள் என்பதற்கு இது போதும் என்று நினைத்திருந்தேன். போதவில்லை.

நீ இறந்த ஆண்டின் கோடையில் ஒரு நாள், மாடலாக வரவேண்டிய பெண் வரவில்லை. நேவி ப்ளூ நிறத்தில் பெண்களுக்கான காலர் வைத்த டி-ஷர்ட்; மாலைக்குள் படம் போயாக வேண்டும். பேக்கிங் பிரிவில் அந்த அளவுக்குப் பொருந்துகிறவர் யாரும் இல்லை. நான் தொலைபேசியில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தபோது நீ உள்ளே போய் அந்தச் சாம்பிளைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாய். ஐம்பத்தெட்டு வயதில், சேலைக்கு மேலே, கைகளை இடுப்பில் ஊன்றிக்கொண்டு.

"நானே நிக்கறேனுங்க. தலையத்தான் வெட்டிப் போடறீங்களே, எவ தலையா இருந்தா என்னங்க?"

விளக்குகளை நீயே வைத்தாய். வெளிச்சத்தை நீயே அளந்தாய். கேமராவை என் கையில் கொடுத்து, துணிக்கு எப்படிப் பாதி அமுக்குவது என்று காட்டினாய். எடுத்தேன். அந்தப் படங்களில் ஒரு குறையும் இல்லை. வியாபாரி மறுநாளே ஒப்புக்கொண்டான்.

முடிந்தது என்று நான் கேமராவைக் கீழே வைக்கப் போனபோது நீ சொன்னாய்: "அக்கா, ஒன்னே ஒன்னு மொகத்தோட எடுத்துருங்க. தாரணி கேட்டுட்டே இருக்கறா. பெத்த பொண்ணுகிட்ட என்ற நல்ல படம் ஒன்னு கூட இல்லீங்களாமா. கட்டவெரலுங்க, மறந்துறாதீங்க."

"எனக்கு எல்லாந் தெரியும். நேரா நில்லு."

நீ நேராக நிற்கவில்லை. உன்னை யாராவது படமெடுத்தால் உனக்குச் சிரிப்பு வந்துவிடும். தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு சிரித்தாய். நான் கேமராவுக்குள் பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், காலரின் இடது முனை லேசாகச் சுருண்டிருந்ததைப் பார்த்தேன். பிக்கே பின்னலின் மணிமணியான அமைப்பு விளக்கில் நன்றாகத் தெரிந்ததைப் பார்த்தேன். பல ஆண்டுகளாக எங்கே பார்த்தேனோ அங்கேயே பார்த்தேன். கட்டைவிரல் சும்மா இருந்தது. ஆள்காட்டி விரல் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தது.

"இன்னொன்னு எடுக்கறீங்களா?"

"ஒன்னு போதும். சாம்பிளக் கழட்டு, கசங்கிறப் போகுது."

மற்றவர்கள் எடுக்கும் படத்தை எல்லாம் திரையில் பெரிதாக்கி, மூக்கை வைத்து முகர்வதுபோலப் பார்க்கிறவள் நீ. அன்று பார்க்கவில்லை. "நீங்க எடுத்தா செரியாத்தேன் இருக்குமுங்க" என்று சொல்லிவிட்டு உடை மாற்றப் போய்விட்டாய். கேமராவின் சின்னத் திரையில் நீ நன்றாகத்தான் இருந்தாய். உள்ளங்கை அளவில் எல்லாரும் தெளிவாகத்தான் இருப்பார்கள்.

ஐப்பசியில் ஒரு காலை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் மருத்துவமனை சேரும் முன்பே முடிந்துபோனாய். வீரபாண்டியில் இருக்கும் உன் வீட்டிலிருந்து தாரணி அழைத்தாள். உன் மகளுக்கு உன் குரல்தான். ஒரு கணம் நீயே உன் சாவைச் சொல்வதுபோல இருந்தது. பேச்சு முடிகிற இடத்தில், "பெரிம்மா, அம்மாவோட நல்ல படம் ஏதாச்சு உங்ககிட்ட இருக்குதுங்களா? பிளெக்சுக்குக் கேக்கறாங்க" என்றாள்.

"இருக்குது. நானே எடுத்தது" என்றேன். அந்த நேரத்திலும் என் குரலில் ஒரு பெருமை இருந்தது. கணினியில் அதைத் தேடி எடுத்து, திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பிவைத்தேன்.

காலையில் செத்தவருக்கு மதியத்துக்குள் பிளெக்ஸ் வைத்துவிடும் ஊர் இது. நான் உன் வீட்டுத் தெருமுனைக்கு வந்து காரிலிருந்து இறங்கியபோது அது கட்டப்பட்டிருந்தது. கண்ணீர் அஞ்சலி. எட்டடி உயரத்தில் நீ. நேவி ப்ளூ காலரின் ஒவ்வொரு பின்னல் கண்ணியும் தனித்தனியாகத் தெரிந்தது. பட்டனின் நான்கு துளைகளும், அவற்றில் ஓடும் நூலும், சுருண்ட அந்த இடது முனையும் தெரிந்தன. அதற்கு மேலே, கொதிக்கும் சட்டியின் ஆவிக்குப் பின்னால் இருப்பதுபோல, ஒரு சிரிப்பு இருந்தது. கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுத்த தடங்கள்.

உலகத்தில் வேறெந்த ஊரிலாவது ஒருத்தியின் சாவுப் படத்தில் காலருக்கு ஃபோகஸ் வைப்பார்களா? நாம்தான் வைப்போம். நாமும்கூட அல்ல, நான்.

அங்கே நின்றிருந்தவர்களில் எங்களுக்கு நூல் கொடுக்கும் வியாபாரி ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், துக்கத்துக்கு என்ன பேசுவது என்று தெரியாமல் தவிக்கிற வகை. என் பக்கத்தில் வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, பிளெக்சை அண்ணாந்து பார்த்தார்.

"ரொம்ப நல்ல மனுசிங்க" என்றார்.

"ஆமாங்க."

கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "துணி நல்லா வந்திருக்குதுங்க. பிக்கேவுங்களா?" என்றார்.

"ஆமாங்க, பிக்கே. இருநூத்தி இருபது ஜிஎஸ்எம்" என்றேன்.

உள்ளே உன்னை வடக்கு தெற்காகக் கிடத்தியிருந்தார்கள். வெளியே நான் துணியின் கனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. இத்தனை வயதில் எனக்குப் பல அவமானங்கள் நேர்ந்திருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு வேறு யாரையாவது கைகாட்ட முடிந்தது. இதற்கு ஆளில்லை. அந்த மனிதரைக்கூடக் குறைசொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரிந்ததைக் கேட்டார். கண்ணுக்குத் தெரியும்படி வைத்தது நான்.

அதை இறக்கிவிடச் சொன்னேன். பிளெக்ஸ் கடைக்காரர் கையைப் பிசைந்தார். "காரியம் முடியறவரைக்கும் எறக்கக் கூடாதுங்கம்மா. ஆகாதுங்க." பதினாறாம் நாள் வரைக்கும் அது அங்கேயே நின்றது. பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் அதன் நிழலில் நின்றார்கள். நான் உன் வீட்டுக்குச் சுற்றுவழியில் போய்வந்தேன்.

வேறு படம் தேடி, தாரணியும் நானும் உன் ஸ்டுடியோவின் ஹார்டு டிஸ்க்குகளை எல்லாம் திறந்தோம். நான் குப்பையில் போட்ட தலைகள் அத்தனையும் அங்கே இருந்தன. ஆண்டுவாரியாக, பெயரோடு. ஒவ்வொருத்தியின் கண்ணும் அப்படியொரு தெளிவு. திருமணமாகிப் போனவர்கள், ஊர் திரும்பிவிட்டவர்கள், எனக்கு அடையாளமே தெரியாதவர்கள் எல்லாரும் திரையிலிருந்து எங்களைப் பார்த்தார்கள். என் முறைத்த முகமும் ஒரு தனி ஃபோல்டரில் இருந்தது. உன்னுடையது மட்டும் இல்லை. கேமரா எப்போதும் உன் கையில் இருந்தது. நீ எப்படிப் படத்துக்குள் இருப்பாய்? தாரணியின் கைபேசியில் இருந்தவற்றிலோ, நீ உள்ளங்கையை முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாய். ஆதார் அட்டையில் இருப்பது நீ என்று ஆதாரே நம்பாது. கல்யாண ஆல்பத்தில் இருந்த பதினெட்டு வயதுப் பெண்ணைத் தாரணிக்குத் தெரியாது.

பதினாறாம் நாள் சட்டம் போட்ட படம் வந்தது. பிளெக்ஸ் கடைக்காரர்தான் கொண்டுவந்தார். "கவலையே வேண்டாமுங்க. கம்ப்யூட்டர்ல போட்டேனுங்க, அதுவே கண்ணத் தொறந்துருச்சு. இப்பெல்லாம் எல்லாமே ஏஐ தானுங்க" என்றார். துணியை விலக்கினார். கூடத்தில் இருந்தவர்கள் "அப்படியே இருக்குதுங்களே" என்றார்கள், ஒருத்தி அழுதாள்.

அப்படியே இல்லை. கண்கள் இரண்டும் ஒரே அளவில், ஒரே கறுப்பில், பளபளவென்று இருந்தன. இமை மயிர்கள் வாரிவிட்டதுபோல வரிசையாக நின்றன. தொலைக்காட்சித் தொடரில் வரும் நல்ல மருமகளின் கண்கள். உன் இடது இமை எப்போதும் கொஞ்சம் இறங்கியிருக்கும். வலது கண்ணைக் கேமராவில் பொருத்தி இடதை மூடிமூடியே ஒரு வாழ்நாள் கழித்தவள் நீ. மூடாத நேரத்திலும் அது பாதி வேலையில் இருப்பதுபோலத் தெரியும். அதன் வெளிமூலையில் ஒரு சுருக்கக் கற்றை. நிறமும் கறுப்பல்ல, வெயிலில் பார்த்தால் புளியங்கொட்டை. கணினிக்கு இவை எதுவும் தெரியாது. நான் கொடுத்த படத்தில் கண் இல்லை. அது தன்னிடம் இருந்ததிலிருந்து இரண்டை எடுத்து வைத்துவிட்டது.

என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. எப்போது முடிந்திருக்கிறது?

"இது உங்கம்மா இல்ல அம்மிணி."

தாரணி படத்தைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை. "நல்லாத்தானுங்க பெரிம்மா இருக்குது."

"வேற யாரோட கண்ணோ. உங்கம்மாவுக்கு ஒரு கண்ணு கொஞ்சஞ் சின்னது. நெறமும் இது இல்ல."

"அப்ப நீங்க எடுத்ததுல அந்தக் கண்ணு எங்கீங்க இருக்குது? காட்டுங்க." அவள் குரல் உயரவில்லை. உன் குரல்தான், ஆனால் உன்னிடம் நான் கேட்டிராத ஒரு நிதானம் அதில் இருந்தது. "எனக்குப் பாக்கறதுக்கு ஒரு மொகம் வேணுமுங்க. காலர மாட்டிவெச்சுக் கும்பிட முடியாதுங்க, பெரிம்மா."

நான் சொன்னது உண்மை. அவள் சொன்னதும் உண்மை. ஆனால் என் உண்மையைப் பேசும் உரிமையை நான் அந்தக் கோடையிலேயே, ஒன்று போதும் என்று சொல்லி, தொலைத்திருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரோ காப்பி கொடுத்தார்கள். குடித்தேன். படத்தைச் சுவரில் மாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டார்கள். அந்தக் கண்கள் இன்றுவரை அங்கேதான் இருக்கின்றன.

புறப்படும்போது தாரணி கேமராவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "இத வெச்சுட்டு நான் என்னங்க பண்றது? நீங்க எடுத்துட்டுப் போங்க" என்றாள். தண்டனை என்று நினைத்துக் கொடுக்கவில்லை. அவளுக்கு அவ்வளவு கெட்ட மனம் கிடையாது. நான்தான் அப்படி வாங்கிக்கொண்டேன்.

ஆண்டுத் திதிக்குப் போனபோது கேமராவை எடுத்துக்கொண்டு போனேன். வெளியூர் உறவினர்களுக்கு அனுப்ப, மாலை போட்ட படத்தை ஒரு படம் எடுத்துத் தரும்படி தாரணி கேட்டிருந்தாள். இந்த முறை நிதானமாக நின்றேன். கட்டைவிரலை அதற்குரிய இடத்தில் வைத்து அமுக்கினேன். வெள்ளைச் சதுரம் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அந்த இரவல் கண்களில் ஒன்றில் போய் நிம்மதியாக உட்கார்ந்தது.

தாரணி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "பாத்தீங்களா பெரிம்மா, கேமராவே ஒத்துக்கிச்சு" என்று சிரித்தாள். அந்த வீட்டில் ஓராண்டுக்குப் பிறகு கேட்ட முதல் சிரிப்பு அதுவாக இருக்கலாம். அதைக் கெடுக்க நான் யார்? படத்தை எடுத்துக் கொடுத்தேன். மிகத் தெளிவாக வந்திருந்தது.

வீட்டுக்கு வந்து, நான் எடுத்த பழைய படத்தைக் கணினித் திரையில் முழு அளவில் திறந்து, அதற்கு எதிரே கேமராவை நீட்டி அமுக்கிப் பார்த்தேன். சதுரம் வந்தது, அலைந்தது, நெற்றிக்குப் போயிற்று, கன்னத்துக்கு வந்தது, மறைந்துவிட்டது. உனக்கு இல்லாத கண்ணை உடனே கண்டுபிடித்த கேமரா, உன்னைக் கண்டுபிடிக்கவில்லை. வேண்டுமென்றே திரும்பத் திரும்பச் செய்தேன். அதற்கு மேல் அந்த இரவு நான் செய்தவை எழுதும் தகுதியுள்ளவை அல்ல.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தாரணி தொலைபேசியில் அழைத்தாள். தக்காளி விலை, உன் ஸ்டுடியோவுக்கு வாடகைக்கு வரப்போகிறவர், என் முழங்கால் என்று எதையெதையோ பேசினாள். வைத்துவிடுவாள் என்று நினைத்தபோது, "பெரிம்மா, அம்மாவுக்கு எந்தக் கண்ணுங்க சின்னது?" என்றாள்.

"எடது" என்றேன். சொன்ன மறுகணமே சந்தேகம் வந்துவிட்டது. உன்னுடைய இடதா, எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு இடதா? தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இல்லாத கேமரா ஒன்றைத் தூக்கி, நீ பிடிக்கிற மாதிரியே பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். மூடியது இடது. "எடதுதான்" என்று மறுபடியும் சொன்னேன்.

"எனக்குச் செவுத்துல இருக்கற போட்டோதானுங்க ஞாபகம் வருது இப்பெல்லாம்" என்றாள். "நீங்க அன்னைக்குச் சொன்னப்ப எனக்குக் கோவம். ஆனா அப்ப எனக்கே தெரிஞ்சுது, சின்னதுன்னு. இப்ப யோசிச்சுப் பாத்தா தெரிய மாட்டேங்குதுங்க."

இமையைப் பற்றிச் சொன்னேன். ஏன் அது இறங்கியது என்று சொன்னேன். வெளிமூலையின் சுருக்கங்களைச் சொன்னேன். படத்துக்குக் கீழே வர்ணனை எழுதியே பழகியவள் அல்லவா, வரிசையாக, மிகையில்லாமல் சொல்ல வந்தது.

"அப்புறமுங்க?" என்றாள்.

நிறத்தைச் சொன்னேன்.

"அப்புறமுங்க?"

அந்த இடத்தில்தான் எனக்கு உடல் கூசியது. இத்தனை ஆண்டுகள் ஒரே மேசையின் இரு பக்கங்களில் உட்கார்ந்திருந்தோம். அந்த நேரத்தில் பெரும்பகுதி நான் உன் தோளுக்குப் பின்னால் தொங்கிய சாம்பிள்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கழுத்துக்கு மேலே உன்னைப் பற்றி என்னிடம் இருப்பது ஒரு கைப்பிடிதான். இமை, சுருக்கம், நிறம், சிரிப்பு அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் கண்ணில் தங்கும் ஈரம், பொய் சொல்லும்போது மேலே பார்ப்பது. அவ்வளவுதான், கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேனோ என்றும் ஐயமாக இருக்கிறது.

இப்போது அவள் ஞாயிறுதோறும் அழைக்கிறாள். தக்காளி, முழங்கால், பிறகு நீ. எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்துவிட்டால் அழைப்பு நின்றுவிடுமோ என்று, வாரத்துக்கு ஒன்றாகச் சொல்லிவந்தேன். இந்த ஞாயிறு புதிதாகச் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. "அப்புறமுங்க?" என்றாள். அந்த இடது இமையைப் பற்றியே மறுபடியும், முதலிலிருந்து சொன்னேன். கேட்டிராததுபோலக் கேட்டுக்கொண்டாள்.